தெளியட்டும்னு ஊத்தின தண்ணி

எங்க ஊர்ல ஒருத்தன் ரோட்ல விழுந்து கெடந்தா யாரும் கிட்ட போகமாட்டாங்க. தெருவுக்குத் தெரு பிராந்திக் கடை இருக்கு. விழுந்தவன் குடிகாரன், அவ்ளோதான் கணக்கு.

எங்க வீட்டுக்காரர் பெயிண்டர். சரக்கை மோந்துகூடப் பார்க்காத மனுஷன். கல்யாணத்துல கூட்டாளிங்க பாட்டிலை எடுத்தா, இவரு செருப்ப மாட்டிக்கிட்டுக் கெளம்பிடுவாரு. அதுக்கே அவரை ஓட்டுவாங்க.

அந்த வருஷம் கத்திரி வெயில்ல, டூரிஸ்ட்டுங்க சுத்துற ஒயிட் டவுன்ல ஒரு லாட்ஜோட வெளிச்சுவத்துக்கு மஞ்சள் அடிக்கிற வேலை. சனிக்கிழமைக்குள்ள முடியணுமாம், போட்டோ எடுக்க ஆளுங்க வருவாங்களாம். காலையிலயே தலைவலின்னாரு. "இன்னிக்கு விட்டுடுங்களேன்"னேன். "மேஸ்திரி கத்துவான்"னு போயிட்டாரு.

மத்தியானம் அவரு போன்லருந்து, லாட்ஜுக்குப் பக்கத்து பங்களா வாட்ச்மேன் கூப்பிட்டான். "உங்காளு ஃபுல்லா ஏத்திக்கிட்டு ஒளறிக்கினு கெடக்கறாரு. வந்து தூக்கிட்டுப் போம்மா." எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "அவரு குடிக்கமாட்டாருய்யா!"ன்னு கத்தினேன். "எல்லாப் பொம்பளையும் இதத்தான் சொல்லுது"ன்னு வெச்சிட்டான்.

நெல்லித்தோப்பு வீட்டுலருந்து ஆட்டோ புடிச்சு ஓடினேன். அவரு அடிச்ச மஞ்சள் சுவத்துக்குக் கீழேயே, பொட்டு நிழலில்லாம, சொட்டச் சொட்ட நனைஞ்சு கெடக்கறாரு. தொட்டா ஒடம்பு கொதிக்குது. நாலடி தள்ளி ரெண்டு பொண்ணுங்க அதே சுவத்துக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுக்குதுங்க, இவரு படத்துல விழாதபடி பார்த்து. நாசமாப் போக! வாட்ச்மேன் காலி பக்கெட்டோட நிக்கிறான். "தெளியட்டும்னு ஊத்திக்கினே இருக்கேன், ஆளு தெளியவே இல்ல"ன்னான்.

ஆஸ்பத்திரியிலயும் மொதக் கேள்வி "எவ்ளோ குடிச்சாரு?"தான். நல்லவேளை, டாக்டரம்மா தொட்டுப் பார்த்ததுமே சட்டையக் கழட்டி, ஃபேனை அவரு பக்கம் திருப்பி, கழுத்துலயும் அக்குள்லயும் ஐஸ் வெக்கச் சொன்னாங்க. நான் வாயில கொஞ்சம் தண்ணி ஊத்தப் போனேன். "நினைவில்லாதவங்களுக்கு வாயில எதுவும் ஊத்தக்கூடாது, பொறையேறிடும்"னு தடுத்தாங்க. அப்புறமா சொன்னாங்க: "வெயில் மூளையத் தாக்கினா ஒளறலும் தள்ளாட்டமும் வரும்மா. குடிச்ச மாதிரியேதான் இருக்கும். யாரோ இவரு மேல தண்ணி ஊத்தியிருக்காங்க. இல்லன்னா உயிரோட வந்திருக்க மாட்டாரு."

அந்த வாட்ச்மேனைக் கும்பிடறதா, செருப்பால அடிக்கிறதான்னு எனக்கு இன்னும் தெரியல.

பொழச்சிட்டாரு. ஆனா நாக்கு பழையபடி திரும்பல, பேச்சு கொழகொழன்னு வருது. நடை ஒரு பக்கமா சாயுது. இனிமே சாரம் ஏற முடியாது. தெருவுல போனா, வண்டிக்காரனுங்க ஹாரன் அடிச்சுத் திட்டிட்டுப் போறானுங்க. எதுர் வீட்டம்மா என்கிட்ட வந்து, "குடிய நிறுத்த மருந்து இருக்காமே, வாங்கிக் குடேன்"னு அக்கறையாச் சொல்றா.

போன வாரம் வெயில் ஏற ஆரம்பிச்சதும், தண்ணியில கலக்கிக் குடிக்கிற உப்புப் பாக்கெட் வாங்கிட்டு வரேன்னு அவரே மெடிக்கலுக்குப் போனாரு. வெறுங்கையோட திரும்பி வந்தாரு. "ஏன், இல்லையாமா?"ன்னு கேட்டேன். ஒவ்வொரு வார்த்தையா இழுத்துச் சொன்னாரு. கடைக்காரன் சொல்லி அனுப்பிட்டானாம்.

"தெளிஞ்சப்புறம் வா."