அக்காவின் அறையில் என் பாட்டுகள்

வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் பல்கலைக்கழகத்தில் இருந்து வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னமே அம்மா குசினிக்குள் இருந்து சத்தம் வைத்தார்.

"மனே, திங்கக்கிழம பெயின்ட் அடிக்க ஆக்கள் வாறாங்களாம். உன்ட அறைக்குள்ள கிடக்கிற சாமானெல்லாம் ஞாயிறுக்குள்ள எடுத்துப்போடு."

"எல்லாத்தையுமா?"

"பின்ன? கட்டில் வரப்போகுது. உன்ட பெட்டிக்கு மேலயா கட்டிலப் போடுற?"

அக்காவுக்குக் கலியாண எழுத்து முடிந்து இரண்டு மாதம். அடுத்த மாதம் தாலிகட்டு. அன்றோடு அத்தான் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார், என் அறை அவர்கள் இருவருக்கும். எங்கள் ஊர் குருக்கள்மடத்திலும் சரி, வாவிக்கு அந்தப் பக்கமும் சரி, வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை, கலியாணம் முடிக்கிற இடத்துக்குப் போவான். வீட்டு உறுதிப் பத்திரத்தில் அக்காவின் பெயர் இருப்பது ஓ.எல். படிக்கிற காலத்திலேயே எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்திருப்பது வேறு, நானூற்றுச் சொச்சம் கசெற்றையும் இருநூறு சீடியையும் மூன்று நாளில் அறையை விட்டு எடுப்பது வேறு.

எனக்கு ஒதுக்கியது பின்பக்கச் சாமான் அறை. நெல் மூட்டையும் தண்ணீர் மோட்டரும் போக, ஒரு பக்கச் சுவர் மிச்சம். அங்கே இரண்டு தட்டு ராக்கை அடிக்கலாம். அளந்து பார்த்தேன். பாதிதான் கொள்ளும். எந்தப் பாதி?

அது தெரியவேண்டுமென்றால் முதலில் ஒழுங்குபடுத்த வேண்டும். ஆறு வருடமாக ஒழுங்குபடுத்தப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தவன் நான். எல்லாவற்றையும் நிலத்தில் கொட்டினேன்.

முதலில் இசையமைப்பாளர் வாரியாக. ஒரு மணித்தியாலம் நன்றாகப் போனது. பிறகு ரெக்கோடிங் பார் கசெற்றுகள் வந்தன. கடையில் பாட்டுகளின் பட்டியலை எழுதிக் கொடுத்து, வெற்றுக் கசெற்றில் பதிந்து வாங்கிய காலத்துச் சாமான். ஒன்றுக்குள் பன்னிரண்டு பாட்டு, ஒன்பது இசையமைப்பாளர். இதை யாருடைய அடுக்கில் வைப்பது? சரி, பாடகர் வாரியாக வைப்போம் என்று கலைத்தேன். சோடிப் பாட்டுகள் கழுத்தைப் பிடித்தன. ஆண்டு வாரியாக? உறையில் ஆண்டே இல்லை. இடையில் போனை எடுத்து நூலகங்களில் எப்படி அடுக்குகிறார்கள் என்று தேடினேன். தேடல் ஒன்றில் இருந்து ஒன்றுக்குத் தாவி, கடைசியில் கசெற் நாடாவில் பூஞ்சணம் பிடித்தால் என்ன செய்வது என்று வாசித்துக்கொண்டிருந்தேன்.

"இந்தப் பாட்டெல்லாம் போனுக்குள்ளயே இரிக்கே?" என்று வாசலில் நின்று அம்மா கேட்டார்.

"போனுக்குள்ள இரிக்கிறது பாட்டு. இது கசெற்."

"அப்ப கசெற்ற ஒரு சாக்குல போட்டுக் கட்டு. பாட்ட போன்ல கேளு." அம்மாவிடம் எல்லாவற்றுக்கும் விடை உண்டு.

சனிக்கிழமை விடிய எனக்கு அருமையான யோசனை ஒன்று வந்தது. பாட்டை வைத்துப் பிரிப்பதால்தான் தலையிடி. கிடைத்த இடத்தை வைத்துப் பிரித்தால் என்ன? எழுவான்கரை, படுவான்கரை. கடல் பக்கத்து ஊர்களில் வாங்கியது எல்லாம் ஒரு குவியல். வாவியைத் தாண்டிப்போய் வாங்கியது மற்றக் குவியல். மண்டூரில் ஒரு வீட்டில் ஒரு பயணப்பெட்டி நிறைய வாங்கி, படகில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஒவ்வொன்றும் எந்த ஊரில், யாரிடம் வாங்கியது என்பது அப்படியே ஞாபகம் இருக்கிறது. பத்து மணிக்குள் இரண்டு குவியலும் எழும்பிவிட்டன. மூன்றாவதாக ஒன்றும் எழும்பியது. எங்கேயும் வாங்காதவை. நான் சேர்க்கத் தொடங்க முன்னமே வீட்டில் இருந்தவை. அக்காவின் கசெற்றுகள். அவள் ஏ.எல். படிக்கும்போது பஸ் காசை மிச்சம் பிடித்து வாங்கியவை. அவள் ஆசிரியர் கலாசாலைக்குப் போன நேரம் நான் எடுத்துக் கேட்கத் தொடங்கி, அதில் பிடித்த பைத்தியம்தான் மற்ற எல்லாம்.

இங்கேதான் நான் அந்த மடத்தனத்தைச் செய்தேன். அப்போது அது கெட்டித்தனமாகத்தான் பட்டது. எழுவான்கரையும் வேண்டாம் படுவான்கரையும் வேண்டாம், ஒரேயொரு பிரிப்புப் போதும் என்று நினைத்தேன். இரண்டு பெரிய காட்போட் பெட்டி எடுத்தேன். ஒன்றில் மார்க்கரால் 'என்ட' என்று எழுதினேன். மற்றதில் 'அக்காட'. அவளுடைய பழையவை, அவள் எப்போதாவது விரும்பிக் கேட்டவை, அவள் காசில் வாங்கியவை எல்லாம் அவளுடைய பெட்டிக்குள். அவை அவளுடைய அலுமாரிக்குள் இருக்கட்டும். மிச்சம் சாமான் அறை ராக்கையில் அச்சொட்டாகக் கொள்ளும். வேலை முடிந்தது.

அக்கா தேத்தண்ணி கொண்டு வந்தவள் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னடா, உறுதி முடிக்கிறியா?"

"இல்லக்கா. இடம் காணாது. அதான் உன்ட சாமான உனக்கு விட்டிட்டு..."

"என்ட சாமான் உன்ட சாமான் எண்டு எப்ப இரிந்த? ஏன்டா, இது உன்ட வீடு இல்லயா?"

"இல்லத்தானே" என்றேன்.

சண்டைக்குச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான விடை அதுதான் என்று சொன்னேன். அக்கா தேத்தண்ணியை யன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனாள். மத்தியானம் அவள் எனக்குச் சோறு போடவில்லை, அம்மாதான் போட்டார்.

எனக்கு இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பெட்டியைத் திறந்து ஒன்றை அங்கே இருந்து இங்கே மாற்றினேன். பிறகு திருப்பி மாற்றினேன். ஒரு கசெற்றின் முதல் பக்கத்து எழுத்து அக்காவுடையது, மறுபக்கத்து எழுத்து என்னுடையது. அவளுடைய பாட்டுகள் முடிந்து மிச்சம் இருந்த நாடாவில் நான் வானொலியில் இருந்து பதிந்தது. அதை எந்தப் பெட்டிக்குள் போடுவது?

நாலு மணிக்கு அத்தான் ஸ்கூட்டரில் வந்தார், கட்டிலுக்கு அளவெடுக்க. தேற்றாத்தீவில் இருந்து வருகிறார். அதிகம் பேசாத ஆள். அளவு நாடாவின் ஒரு முனையை என்னிடம் தந்து மறு முனையோடு சுவருக்குப் போனவர், பெட்டிகளைப் பார்த்துவிட்டு, "நானும் போன கிழமதான் மச்சான் எல்லாத்தையும் ஒதுக்கின" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "ஏன் அத்தான்?"

"அது தங்கச்சிட வீடுதானே. அவக்கும் கலியாணப் பேச்சு வந்திரிக்கி."

அவர் கரப்பந்து விளையாடுகிறவர். அவருடைய வீட்டு மண்டபத்தில் வரிசையாக வெற்றிக் கிண்ணங்கள் இருந்ததை எழுத்துக்குப் போன அன்று பார்த்திருக்கிறேன். "அப்ப கப்பெல்லாம்?"

"கிளப்புக்குக் குடுத்திட்டன். வாற வீட்டுக்குக் கப்பக் கட்டித் தூக்கிக்கொண்டு வாறதா? ஆக்கள் சிரிப்பாங்கள்." சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்டு மட்டும் வெச்சிரிக்கன். ஸ்கூட்டர் சீற்றுக்குக் கீழ" என்றார்.

இவர் வருகிறார் என்றுதான் நான் போகிறேன், என் அறையை இவர் பிடிக்கப்போகிறார் என்று இரண்டு நாளாக எனக்குள் ஒரு கறுவல் இருந்தது. நாடாவின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கதவுக்கு வெளியே அக்கா நின்றிருக்கிறாள். கேட்டிருக்கிறாள். அவர் போகும்போது ஸ்கூட்டர் வரைக்கும் பின்னால் போய் என்னவோ கடுமையாகச் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சீற்றைத் திறந்தார். உள்ளங்கை அளவில் ஒரு கிண்ணம், மழைக்கோட்டில் சுற்றியிருந்தது. அக்கா அதை வாங்கிக்கொண்டு வந்து, ஒருவரையும் கேட்காமல் ரீவிக்கு மேலே வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் இரண்டு பெட்டியையும் ஒன்றாகக் கவிழ்த்தேன். தடித்த மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி எடுத்தேன். யாருடையது என்றும் எழுதுவதில்லை, எவரின் இசை என்றும் பிரிப்பதில்லை. கையில் வருகிறதுக்கு ஒரு நம்பர். நம்பரைக் கசெற்றின் முதுகில் ஒட்டுவது. பாட்டு, பாடியவர், வாங்கிய ஊர், இப்போது இருக்கிற இடம் எல்லாம் கொப்பியில். சாமான் எங்கேயும் இருக்கலாம். பாதி ராக்கையில், கொஞ்சம் அலுமாரியில், கொஞ்சம் கட்டிலுக்குக் கீழே. கொப்பி சரியாக இருந்தால் எல்லாம் ஒரே சேகரிப்புத்தான்.

"அக்கா, எழுத்து உன்டதான் வடிவு. வந்து எழுது."

உடனே வரவில்லை. உடுப்புக் கழுவி முடித்து, காயப்போட்டு, என்னை நன்றாகக் காத்திருக்க வைத்துவிட்டு வந்து நிலத்தில் இருந்தாள்.

"முதலாம் நம்பர் என்டதுக்குத்தான் போடோணும். நான்தான் தொடங்கின."

"கையில வாறதுக்குத்தான் முதல் நம்பர். அதான் சட்டம்."

"யார்ர சட்டம்? என்ட வீட்டில உன்ட சட்டமா?"

அவள் அதைச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. நேற்றுக் குத்திய அதே விஷயம் இன்று பகிடியாகிவிட்டது. ஆனால் முதலாம் நம்பரை அவள் விட்டுத்தரவில்லை.

எழுபதுக்குக் கிட்டப் போகும்போது நான் நிறுத்தினேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "நானும் ஒரு நாளைக்கு முடிச்சுப் போவன்தானே. அப்ப இதென்ன செய்யிற?"

அவள் எழுதுவதை நிறுத்தவில்லை. "கொப்பிய நீ கொண்டு போ. பாட்டு இஞ்ச இரிக்கட்டும்."

"கொப்பிய வெச்சு நான் என்ன செய்யிற? கொப்பி பாடுமா?"

"பாடாது. கேக்கோணுமெண்டா நீதான் வரோணும்."

"அதெப்பிடி? நான் வாங்கினது கசெற் மட்டும் முந்நூறுக்கு மேல!"

"வாங்கினா? அடுத்ததத் தா. எழுபத்தொண்டு."

நான் கொடுக்கவில்லை. அரைவாசி எனக்கு என்றேன். அவள் கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். அம்மா வெற்றுச் சாக்கோடு வருகிற சத்தம் கேட்டதும் கொடுத்தேன்.