மயக்க மருந்துக்கு முன்னால் கேட்ட ஒரு கேள்வி

பெருமாளை நம்பி வாழ்கிற என் சொந்தங்களே, எங்கள் வீட்டுக்காரர் பிழைத்ததைச் சொல்கிறேன். தப்பு பண்ணியது நான்தான். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வருஷம். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வண்டி ஓட்டுகிற மனுஷர் அவர். பாரம் தூக்கித் தூக்கிக் குடல் இறங்கிவிட்டது. வலி வந்தால் அப்படியே குந்திவிடுவார். கேட்டால் "ஒண்ணுமில்ல புள்ள" என்பார். கள்ளக்குறிச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். சனிக்கிழமை காலை ஆபரேஷன் என்றார்கள். சேர்ந்த மறுநாளே மறியல்காரர்கள் ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டார்கள், பஸ் நின்றது. ஊரிலிருந்து ஓர் ஆளும் வர முடியவில்லை.

நான் அழுதுகொண்டே இருந்தேன். அவரோ, "மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுவாங்கன்னு அழுவுறியா?" என்று கிண்டல் பண்ணினார்.

முதல் நாளே நர்ஸ் சொல்லியிருந்தார், ராத்திரி பத்து மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று. சனிக்கிழமை விடிந்ததும் பக்கத்துத் தெருப் பெருமாள் கோயிலில் கோவிந்தா சத்தம் கேட்டது. புரட்டாசி முதல் சனி! ஓடினேன். "அவரை எனக்குத் திருப்பிக் கொடு பெருமாளே" என்று விழுந்து கும்பிட்டேன். கொடுத்த சர்க்கரைப் பொங்கலைக் கொண்டுவந்து அவர் வாயருகே நீட்டினேன்.

"நர்ஸம்மா வேணாம்னு சொன்னாங்களே."

"பெருமாள் குடுத்தது சோத்துல சேருமா? வாயத் தெறங்க."

என் பேச்சை என்றைக்குத் தட்டினார்? முழுதும் தின்றார். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்து, "சாப்ட்டாரா?" என்று கேட்டார். "இல்லீங்க" என்றேன். பொய் சொல்கிறோம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

தியேட்டருக்குக் கூட்டிப்போகத் தள்ளுவண்டி வந்துவிட்டது. அப்போதுதான் ஒரு டாக்டரம்மா நோட்டோடு வந்தார். சின்ன வயசு. மேல்படிப்புக்காக மயக்க மருந்து பற்றி ஆராய்ச்சி செய்கிறவராம். ஆபரேஷனுக்கு வருகிறவர்கள் வயிறு நிஜமாகவே காலியாக இருக்கிறதா என்று கேட்டு எழுதுகிறாராம். விருப்பம் இருந்தால் மட்டும் சொல்லுங்கள் என்றார். ஆராய்ச்சி என்றதும் எனக்குத் திக்கென்றது. எங்கள் வீட்டுக்காரர்தான், "கேக்கட்டும் புள்ள, கேட்டா இன்னா தேஞ்சா பூடுவேன்?" என்றார்.

டாக்டரம்மா சாப்பாடு என்று மொத்தமாகக் கேட்கவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டார். "காப்பி? வெத்தல பாக்கு? தீர்த்தம்? பிரசாதம்?"

"பிரசாதம் குடுத்தேங்க" என்றேன், பெருமையாக.

டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. தள்ளுவண்டியைக் கையால் பிடித்து நிறுத்தினார். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்று மெதுவாகச் சொன்னார். என் கையாலேயே என் புருஷனைக் கொல்லப் பார்த்தேனே என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன். டாக்டரம்மா திட்டவில்லை. என் தோளைத் தொட்டு, "நிறைய பேரு இப்படித்தாம்மா நெனைக்கிறாங்க. அதனாலதான் பேர் சொல்லிக் கேக்குறேன். நான் நேத்தே விழுப்புரம் போயிருக்கணும், பஸ் இல்லாம மாட்டிக்கினேன்" என்றார்.

கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஊரே ரோடு எப்போது திறக்கும் என்று தவித்தது. பெருமாளோ அந்தப் பெண்ணை எனக்காக அங்கே நிறுத்தி வைத்திருந்தார். நான் வேண்டிக்கொண்டு வருவதற்கு முன்பே நிறுத்திவிட்டார்.

திங்கட்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. கண் விழித்ததும் அவர் கேட்டது, "நீ சாப்ட்டியா?"

அன்றிலிருந்து ஊரில் யார் ஆபரேஷனுக்குப் போனாலும் நான் கூடவே போவேன். வாயில் போன ஒன்றையும் விடாமல் டாக்டரிடம் சொல்ல வைப்பேன். என் சொந்தங்களே, நம்பி வேண்டிக்கொள்ளுங்கள். உதவி எந்த முகத்தோடு வரும் என்று நமக்குத் தெரியாது. அதனால் கேட்கிறவர்களிடம் உள்ளதைச் சொல்லுங்கள்.

இதை எழுதும்போது எங்கள் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா எழுதிக்கினு கீற, அடுப்புல சோறு தீயுது" என்கிறார். தீயட்டும். சொல்ல அவர் இருக்கிறாரே.