கோமளா அடித்த ஒடியாச் சீட்டு

துரத்திவிட்டார்களாம்! யார் சொன்னது? கோமளாவை யாரும் துரத்தவில்லை. வடக்கத்திப் பையனோடு ஒட்டி உட்கார்ந்து சிரித்தாள், முதலாளி பார்த்து வெளியே அனுப்பினார் என்று கணபதி ஊர் முழுக்கப் பேசுகிறார்களே, அதில் உட்கார்ந்தது ஒன்றுதான் நிஜம். வலது கை வெந்து கட்டுப் போட்டிருந்தவன் எங்கிருந்து சிரிப்பான்?

தனபாலின் பவுண்டரியில் கோமளாவுக்குப் பதினாறு வருஷ ஆபீஸ் வேலை. பம்புக்கு இரும்பு வார்க்கிற இடம். வார்த்த இரும்பு சிவப்பு போய்க் கறுத்துவிட்டால் ஆறிவிட்டதுபோலத்தான் தெரியும். தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு வரும். அதனால் ஒவ்வொரு தள்ளுவண்டியிலும் 'சூடு, தொடாதே' என்று ஒரு சீட்டுத் தொங்கும். இங்கிலீஷில். ஆபீஸில் இருந்த பழைய கம்ப்யூட்டருக்கும், டைப் அடிக்கிற அந்தக் காலத்து சாப்ட்வேருக்கும், ஊசியால் குத்திக் குத்தி எழுதுகிற பிரிண்டருக்கும் அது ஒன்றுதான் தெரியும். ஓடுகிற மெஷினை மாற்றக்கூடாது என்பது தனபாலின் பிடிவாதம். வேலை செய்கிறவர்களோ முக்கால்வாசி ஒடிசாக்காரர்கள். படிக்கத் தெரியாதவன் என்று இரும்பு சுடாமல் விட்டுவிடுமா? மார்ச் மூன்றாம் தேதி அந்தப் பையன் பிபூதி தொட்டுவிட்டான்.

கோமளாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கம்ப்யூட்டர் கடையில் போய், இந்தப் பிரிண்டரில் ஒடியா எழுத்து வருமா என்று கேட்டாள்.

"எடைக்குப் போட்டீங்கன்னா வருமுங்க்கா, பேரீச்சம்பழம்" என்றான் கடைக்காரன்.

அவள் விடவில்லை. அலமாரியில் தூசி படிந்து கிடந்த பிரிண்டரின் தடிப் புத்தகத்தை எடுத்துப் படித்தாள். புது எழுத்தை நாமே புள்ளி புள்ளியாக வரைந்து பிரிண்டருக்கு அனுப்பலாம் என்று அதில் போட்டிருந்தது. உயரத்துக்கு இருபத்துநாலு புள்ளி. டீ வேளையில் பிபூதி இடது கையால் எழுதிக் காட்டுவான், குடை பிடித்த மாதிரித் தலை வளைந்த எழுத்து. அதை இவள் கட்டம் போட்ட நோட்டில் நிரப்புவாள். பவுண்டரிக்கு எதிர்வீட்டுச் சுப்பாத்தாள் ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தது இதைத்தான்.

"ஏனம்மணி, அந்தப் பையனோட தினமும் அப்படி என்ன பேச்சு?"

"எழுத்துக் கத்துக்கறேனுங்க்கா. நீங்களும் வாங்க, எடமிருக்குது."

சாப்ட்வேரில் யாரும் தொடாத குறிகள் இருந்த இடத்தில் ஒவ்வொரு எழுத்தாக உட்காரவைத்தாள். கரண்ட் போனால் பிரிண்டர் அத்தனையும் மறந்துபோகும். ஆகவே தினமும் அரை மணி முன்னால் வந்து, நோட்டைப் பார்த்து மறுபடி அனுப்புவாள். முதல் சீட்டைத் தொங்கவிட்ட அன்று இரண்டு பேர் வாயசைத்துப் படித்துவிட்டு, வண்டியை விட்டுத் தள்ளி நின்றார்கள். இதில் என்ன தப்பு? யாராவது சொல்லட்டும்.

மே மாதம், விபத்தை விசாரிக்க சர்க்கார் ஆபீசர் வருகிறார் என்று தகவல் வந்தது. தனபால் அவள் மேஜைக்கே வந்து நின்றார்.

"அம்மணி, அந்த ஒடியாச் சீட்டுல பிப்ரவரித் தேதி போட்டு ஒண்ணு அடிச்சுக் குடு. அவன் பாஷையிலயே முன்னாடியே சொல்லியிருந்தோம்னு காட்டிப்போடலாம்."

"பிப்ரவரில அந்த எழுத்தே இல்லீங்கண்ணா."

"ஆபீசருக்குத் தெரியுமாக்கு?"

"பிபூதிக்குத் தெரியுமுங்க. எனக்குத் தெரியும்."

"பதினாறு வருஷம் சோறு போட்ட எடத்துக்கு இதுகூடச் செய்யமாட்டயா?"

"சும்மா உக்காந்து திங்கலீங்கண்ணா. வேலை செஞ்சுதான் தின்னேன்."

"செய்யறதுன்னா இரு. இல்லீன்னா கெளம்பு."

கோமளா திரும்பிக் கம்ப்யூட்டரில் தட்டினாள். பிரிண்டர் கரகரவென்று அடிக்க ஆரம்பித்தது. வழிக்கு வந்துவிட்டாள் என்று தனபால் முகம் தெளிந்தது. ஒன்றல்ல, நூறு சீட்டு. எடுத்துப் பார்த்தார்.

"தேதி எங்க?"

"சூட்டுக்கு ஏதுங்க தேதி?"

பிரிண்டரை அணைத்தாள். ஒடியா அத்தனையும் அதற்கு மறந்துபோயிற்று. கட்டம் போட்ட நோட்டு அவள் வாங்கியது. அதைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். சீட்டுக்கட்டைக் கொண்டுபோய் பிபூதியிடம் கொடுத்தாள்: "எல்லா வண்டியிலயும் மாட்டு கண்ணு. ஆபீசர் எப்ப அடிச்சதுன்னு கேட்டா, கை வெந்ததுக்கு அப்பறம்னு சொல்லு. நானும் வந்து சொல்லுவேன்."

பின்பக்கம் சின்னக் கதவு ஒன்று உண்டு. அதன் வழியாகப் போகவில்லை. பட்டப்பகல் பதினொரு மணிக்கு, சுப்பாத்தாள் வீட்டுக்கு நேர் எதிரே இருக்கிற முன்கதவைத் தானே திறந்துகொண்டு வெளியே நடந்தாள்.