எடுக்காத கொழுந்து

இலங்கை மலைநாட்டில், ஹட்டன் போகும் பஸ் டிக்கோயாவுக்குச் சற்று முன்னால் நிற்கிறது. கொதித்துப்போன என்ஜினுக்கு டிரைவர் ஓடைத் தண்ணீர் ஊற்றுகிறார். இறங்கிப் பார்க்கிறேன். தேயிலை இளம்பச்சையாய், தளதளவென்று என் நெஞ்சுயரம் நிற்கிறது. பாதையோரம் கூடைகளைக் கவிழ்த்துவிட்டுப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வெற்றிலை மடிக்கும் ஒருத்தியிடம், "மலை கொள்ளை அழகும்மா" என்கிறேன்.

சிரிக்கிறாள். "அழகு இல்லீங்க, ஸ்ட்ரைக்கு! இந்தியாவுல இருந்து வந்த வம்சம்னு சொல்லி எங்களுக்குப் பிரசாவுரிமை கெடையாதுன்னு சட்டம் போட்டுட்டாங்கள்ல? அதான் எந்தத் தோட்டத்துலயும் கொழுந்து எடுக்கல. எடுத்திருந்தா மேசை மாதிரி மட்டமால்ல இருக்கும்?"

பேசும்போதே அவள் வலக்கை பக்கத்துச் செடிக்குப் போய் ஒரு கொழுந்தைக் கிள்ளப் பார்க்கிறது. சட்டென்று கையை இழுத்து முந்தானைக்குள் செருகிக்கொள்கிறாள்.

"பழகின கையி. சொன்னாக் கேக்க மாட்டேங்குது."

மற்ற பெண்கள் சிரிக்கிறார்கள். டிரைவர் ஹாரன் அடிக்கிறார்.

"இந்த நாட்டுக்கு நாங்க யாருன்னு கேக்குறாங்க" என்கிறாள், நான் ஏறும்போது. "வழிநெடுகப் பாத்துக்கிட்டே போங்க ஐயா."

ஹட்டன் வரை ஜன்னலை விட்டுத் திரும்பாமல் பார்க்கிறேன். ஒரு சரிவுகூட மட்டமாக இல்லை.