அம்மன் பெயரைப் பாதியில் வெட்டியவள்

சோழவரத்து ஹெலன் சிடுமூஞ்சியாகிவிட்டாள் என்று ஆபீஸில் பேசிக்கொள்கிறார்கள். அவளோடு வேலை செய்யும் எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் சின்னக் கம்பெனி கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்கு லாரி எடை போடும் மிஷின் செய்து கொடுக்கிறது. அதற்குள் ஓடும் புரோகிராமை சி என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியவள் ஹெலன். புதிதாகப் பிடித்த இரும்பு ஆலையில் அது தகராறில்லாமல் ஓடிவிட்டால் அவளை நிரந்தரமாக்குவதாக முதலாளி துளசிராமன் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆலை வாசலில் லாரி விவரத்தை ஒரு ஃபைலில் அடிப்பார்கள். மிஷின் அதை வரிவரியாகப் படிக்கும். நம்ம பக்கத்தில் லாரியை யார் நம்பர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? நெற்றியில் எழுதிய சாமி பெயர்தான். வாசல்காரரும் ‘அருள்மிகு ஸ்ரீ அங்காளபரமேஸ்வரி அம்மன் துணை’ என்று நீட்டி முழக்கி அடித்தார். மிஷின் மெமரியில் பெயருக்கு ஒதுக்கிய இடம் கொஞ்சம்தான். அதை ஒட்டியே காலி லாரியின் எடை இருந்தது. இடம் நிறைந்ததும் படிப்பதை நிறுத்தும்படி ஹெலன் வரம்பு வைத்திருந்தாள்.

அம்மன் பெயர் பாதியில் அறுந்து நிற்கிறது, அபசகுனம் என்று ஆலையிலிருந்து போன் வந்தது. அன்று ஹெலன் லீவு. போனை எடுத்தவன் அவளுக்கு உதவியாகப் புரோகிராம் பார்க்கும் விமல். கும்மிடிப்பூண்டியில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் அவனுக்கும் சேர்த்துத்தான் ஹெலன் தினமும் இரண்டு டப்பா சாப்பாடு கட்டி வருவாள். பெயருக்கான இடத்தைப் பெரிதாக்காமல் அவன் வரம்பை மட்டும் தூக்கிவிட்டான். அவளிடம் மூச்சு விடவில்லை.

நீளப் பெயர் பக்கத்து இடத்தில் ஏறி எடையை அழித்தது. காலி லாரிக்கெல்லாம் மிஷின் வாய்க்கு வந்த எடையைக் காட்டியது. ரோடு வரைக்கும் லாரி வரிசை நின்றது.

“இன்னாம்மா ஹெலன், ஒரு லிமிட் வெக்கத் தெரியாதா?” என்றார் துளசிராமன்.

“வெச்சிருந்தேன் சார்.”

“அப்போ யாரு எடுத்தாங்க? புரோகிராமு மேல உன் பேருதானே போட்டுகீது?”

அந்தப் புரோகிராமில் கை வைப்பவர்கள் இரண்டே பேர். ஹெலன் விமலைப் பார்த்தாள்.

“எனக்குத் தெரியாது சார். அக்காதான் பாத்துக்கினு இருந்தாங்க” என்றான் அவன்.

ஹெலன் உட்கார்ந்து சரி செய்தாள். வரியின் நீளத்தை முதலில் அளந்து, அந்த அளவுக்கு மெமரி கேட்டு, கிடைத்ததா என்று பார்த்த பிறகே படிக்க வைத்தாள். அம்மன் பெயர் முழுசாக வந்தது. அவளுடைய நிரந்தர வேலை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போனது.

சாயங்காலம் நானும் ஹெலனும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனபோது விமல் பின்னாலேயே வந்தான். “அக்கா, நான்தான் எடுத்தேன். தங்கச்சி கல்யாணம் வருது, வேலை போய்ட்டா இன்னா பண்ணுவேன்? அதான் சொல்லல. மனசுல வெச்சுக்காதீங்க.”

“கேட்டிருந்தா நானே எடுத்தேன்னு சொல்லியிருப்பேன் விமலு. உனக்காக” என்றாள் ஹெலன்.

மறுநாள் அவள் ஒரு டப்பாதான் கொண்டுவந்தாள்.