அக்காவின் பிரெஞ்சுக் கணினி

கந்தோரில் போன மாதம் எல்லாக் கணினியையும் புது முறைக்கு மாற்றிவிட்டார்கள். இருந்த பொத்தான் எதுவும் இருந்த இடத்தில் இல்லை. ஒரு கடிதம் அச்செடுப்பதற்குள் சீவன் போய்விடுகிறது. அலுத்துப்போய் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அக்காவைத்தான் நினைத்துக்கொள்கிறேன். எங்களுக்காவது பழக்குவதற்கு ஒரு வகுப்பு வைத்தார்கள், அவளுக்கு அதுவும் இல்லை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. வங்காலையில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்துதான் அக்கா நவநாள் செபம், பாட்டுத்தாள், ஊராரின் மரண அறிவித்தல் எல்லாம் தட்டச்சுச் செய்து கொடுப்பாள். பழைய கணினி உப்புக்காற்றில் பழுதாகிப்போன நேரம், அவளுக்குப் பேசி முடித்திருந்த பிரான்சு மாப்பிள்ளை, தான் பாவித்த மடிக்கணினியை ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். வீட்டில் ஒரே புளுகம், சந்தோஷம்.

திறந்தால் எல்லாமே பிரெஞ்சு. திரையில் திறக்கிற பெட்டியை மூடுகிற சிவப்புப் பொட்டு இடப்பக்கம் இருந்தது. அதை அமத்தினால் பெட்டி மறையும், வேலை மட்டும் உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். விசைகளும் இடம் மாறிக் கிடந்தன. அக்காவோ பாராமல் தட்டிப் பழகியவள். ‘ய’ இருந்த இடத்தில் ‘ங’ விழுந்து, இயேசு இஙேசு ஆனார். பங்குச்சாமியார் தாளைத் திருப்பிக் கொடுத்தார். அவள் முதலிலிருந்து அடித்தாள்.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் கணினிப் பாடம் இருந்ததால் மொழியை மாற்றும் இடம் தெரியும். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து எல்லாவற்றையும் இங்கிலீசுக்கு மாற்றி வைத்தேன். மெச்சுவாள் என்று பார்த்தால் ஏச்சுத்தான் கிடைத்தது.

“உன்னை ஆர் கேட்டது? பழையபடி மாத்து. அது அப்பிடியே இருக்கட்டும்.”

மாற்றிக் கொடுத்தேன். வேண்டுமென்றே கஷ்டப்படுகிறவளை என்ன செய்வது? அமத்துகிற ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லுவாள். மீன் வெட்டும்போதும் ‘அன்யூலே, ஃபெர்மே’, ரத்துச் செய், மூடு என்று முணுமுணுப்புத்தான். ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் வந்ததும் மாப்பிள்ளை பிரான்சிலிருந்து தொலைபேசி எடுப்பார். அவரிடமும் அதையே ஒப்புவிப்பாள், அவர் சிரித்துச் சிரித்துத் திருத்துவது அடுத்த அறையிலிருந்த எங்களுக்கும் கேட்கும்.

பிறகு ஒரு ஞாயிறு அவரிடமிருந்து அழைப்பு வரவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. வேலை கூடவாக்கும் என்று அம்மா சொன்னா. அக்கா வழமைபோலக் கணினிக்கு முன்னால் இருந்தாள், ஆனால் சத்தத்தைக் காணோம்.

ஒருநாள் பின்னேரம் நான் பள்ளிக்கூடத்தால் வந்து சட்டைகூட மாற்றவில்லை, கூப்பிட்டாள்.

“அண்டைக்குச் செய்த மாதிரி இங்கிலீசுக்கு மாத்திவிடு. இனி எனக்கு ஏலாது.”

எனக்கு அது பெரிய வெற்றி. மாற்றிவிட்டுக் குசினிக்கு ஓடினேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அம்மா பக்கத்தில் நின்றா. அக்கா கடைசியில் பிரெஞ்சை விட்டுவிட்டாள், மாற்றிக் கொடுத்தது நான்தான் என்று பெருமையடித்தேன். அப்பா பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு வெளியே போனார். அம்மா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினா. இதற்குப் போய் ஏன் அழுகிறா என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவைத் தேற்ற நினைத்துச் சொன்னேன்:

“அழாதேங்கோ அம்மா, வேணுமெண்டா திரும்பவும் பிரெஞ்சுக்கு மாத்தலாம். ரெண்டு நிமிசம்தான்.”