பூங்காவனம் படித்த பக்கம்

என் அத்தைக்கு ஒரு வகுப்பு முழுவதும் பகையாக இருந்தது. அப்பாவின் தங்கையான அவள் எங்களோடு சிதம்பரத்தில் இருந்தாள். தினமும் காலைப் பாசஞ்சரில் கடலூர் முதுநகர் போய் இறங்கி, உப்பனாற்றைத் தோணியில் கடந்து, ஒரு மீனவர் குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு எடுத்தாள். அந்தப் பள்ளியில் தலைமையாசிரியரையும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள்.

மாலையில் வீடு வந்ததும் முகம் கழுவுவதற்கு முன்பே அன்றைய புகாரைத் தொடங்கிவிடுவாள். கேட்பவர் என் அம்மா.

"சுவத்துகிட்ட பேசினாக்கூட எதிரொலி வரும் அண்ணி. இதுங்ககிட்ட அதுகூட இல்ல."

பாடம் நடக்கும்போது கட்டுமரம் கரைக்கு வரும் சத்தம் கேட்டால் முப்பது தலைகளும் ஒன்றாகக் கடல் பக்கம் திரும்புமாம். கட்டுமரம் வராத நேரத்தில் பாதிப் பேர் தூங்குவார்களாம். புத்தகத்தைத் திற என்றால் திறப்பார்கள், மூடு என்றால் மூடுவார்கள், நடுவில் ஒன்றும் நடக்காதாம். அத்தை கோபத்தில் சொல்வதை எல்லாம் நான் சோற்றைப் பிசைந்தபடி மிகுந்த திருப்தியோடு கேட்டுக்கொண்டிருப்பேன். ஏனென்றால் பேச்சு எப்போதும் ஒரே இடத்தில்தான் போய் முடியும்.

"நம்ம பாப்பா மாதிரி ஒண்ணே ஒண்ணு இருந்தாப் போதும்."

அப்போது எனக்கு ஒன்பது வயது. நாலாம் வகுப்பு. கடலை மடித்த காகிதம், மருந்துப் புட்டியில் ஒட்டிய சீட்டு, கடைப் பலகை என்று எழுத்தாக எது கண்ணில் பட்டாலும் தடங்கல் இல்லாமல் கடகடவென்று படிப்பேன். எங்கள் வீட்டில் நான் படிக்கக் கூடாதது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வாரப் பத்திரிகைகளில் வரும் தொடர்கதைகளை அம்மா கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, பழுப்புக் காகித அட்டை போட்டு அலமாரி உச்சியில் வைத்திருப்பாள். அதெல்லாம் கல்யாணமானவர்கள் படிப்பது என்று சொல்லியிருந்தாள். கல்யாணமாகாத அத்தை அவற்றைத் தொடவே மாட்டாள். 'அழுமூஞ்சிக் கதை' என்பாள்.

மார்கழித் தேர் முடிந்த மறுநாள் தரிசனம். எங்கள் பள்ளிக்கு உள்ளூர் விடுமுறை. வீடு நிறைய விருந்தாளிகள். குறுக்கும் நெடுக்குமாக ஓடிக்கொண்டிருந்த என்னை அம்மா இரண்டு முறை அதட்டினாள். மூன்றாவது முறைக்கு முன்னால் அத்தை சொன்னாள்.

"இவளை நான் இஸ்கூலுக்கு அழைச்சிட்டுப் போறேன் அண்ணி. எப்படிப் படிக்கணும்னு அதுங்களும் பாக்கட்டும்."

கூட்டத்தைப் பார்க்க முடியாத வருத்தம் எனக்குக் கொஞ்சம்கூட இல்லை. பார்க்கப்படப்போவது நான்தான் என்ற பெருமை அதைவிடப் பெரிதாக இருந்தது. வழியில் படிக்க வேண்டும் என்று, ஆள் இல்லாத சமயம் பார்த்து நாற்காலியில் ஏறி, ஒரு தொடர்கதையை உருவித் துணிப்பையில் மாற்றுப் பாவாடைக்கு அடியில் மறைத்துக்கொண்டேன். ஆனால் ரயிலில் அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் அது பைக்குள்ளேயே கிடந்தது.

வகுப்பில் என்னை மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்தாள் அத்தை. பொறுமையைப் பற்றிய பாடம். ஓர் இடத்திலும் நிற்காமல், மூச்சு வாங்காமல் இரண்டு பக்கம் படித்து முடித்து நிமிர்ந்தேன். முப்பது பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் வியப்போடு அல்ல. என் தலையில் இருந்த ரிப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசி வரிசையில், மற்றவர்களைவிட ஒரு தலை உயரமாக ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பூங்காவனம். பதின்மூன்று வயது. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே நிறுத்திவைத்து, நேரம் கழித்துப் பள்ளிக்கு அனுப்பியிருந்தார்கள். அவள் கேட்டாள்:

"சான்றோர்னா யாரு பாப்பா?"

பாடத்தில் அந்தச் சொல் ஆறு முறை வந்திருந்தது. ஆறு முறையும் நான் பிழையில்லாமல் படித்திருந்தேன்.

"சான்றோர்னா... சான்றோர்தான்" என்றேன்.

வகுப்பு சிரித்தது. அத்தை மாதக்கணக்கில் எழுப்ப முயன்ற வகுப்பு, நான் முட்டாளாகிப் போன அந்த ஒரு நொடியில் விழித்துக்கொண்டது. அத்தையின் முகம் சிவந்துவிட்டது. அவள் பூங்காவனத்தை எழுந்து நிற்கச் சொன்னாள். ஐந்தாம் வகுப்புப் புத்தகம் அவளுக்கு வராது என்பதால் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைத்தான் கொடுத்துவைத்திருந்தாள். ஒரு பக்கம் அணில் படம். மறுபக்கம் அணில் பாட்டு.

"கேள்வி மட்டும் கேக்கத் தெரியுது. இதைப் படி, பாப்போம்."

பூங்காவனம் படிக்கவில்லை. அணிலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உன்னைவிடச் சின்னவ அவ. வெக்கமா இல்ல? படிக்க மாட்டேன்னா மீன்கூடை தூக்கப் போ."

"திங்கக்கெழமையிலேருந்து அதான் டீச்சர். அம்மா சொல்லிடிச்சி" என்றாள் அவள், கோபமோ வருத்தமோ இல்லாத குரலில். அத்தை கரும்பலகை பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பகல் சோறு முடிந்ததும் அத்தை பதிவேடு எழுதத் தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். காயம்பட்ட என் பெருமைக்கு மருந்து வேண்டியிருந்தது. பூவரச மரத்தடியில் உட்கார்ந்து தொடர்கதையை வெளியே எடுத்தேன். முதல் பக்கத்தில் ஒரு பெண் கையில் கடிதத்தோடு அழுதுகொண்டிருக்கும் படம். சற்று நேரத்தில் என் மேல் நிழல் விழுந்தது. பூங்காவனமும் இன்னும் நாலைந்து பெண்களும்.

"இவ ஏன் அழுவுறா?"

"புருஷன் மலாயாவுல இருக்கான். இவளை வேணாம்னு எழுதிட்டானாம். ஆனா அவன் அப்படி எழுதல."

"பின்ன?"

"நாத்தனா பொய்யா படிச்சிக் காட்றா."

"இவளுக்குத் தெரியலையா?"

"இவளுக்குத்தான் படிக்கத் தெரியாதே."

பூங்காவனம் என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துவிட்டாள். நான் உரக்கப் படிக்கத் தொடங்கினேன். கல்யாணமானவர்கள் படிக்கும் கதையை நான் படிக்க, கல்யாணமாகாத ஐந்து பேர் வாய் திறந்து கேட்டார்கள். நாத்தனார் கோயிலுக்குப் போன சமயம் பார்த்து அந்தப் பெண் டிரங்குப் பெட்டியைத் திறந்து கடிதங்களை எல்லாம் வெளியே எடுக்கும் இடம். அதே நேரம் பார்த்து கரையில், பெரிய திருக்கை ஒன்று வலையில் வந்திருப்பதாக யாரோ கத்தினார்கள். புத்தகத்தை அப்படியே போட்டுவிட்டு மற்றப் பெண்களோடு நானும் ஓடினேன். முறம் போல அகன்று, சாட்டை போன்ற வாலோடு கிடந்த அந்த மீனைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன்.

பூங்காவனம் வரவில்லை. மரத்தடியிலேயே இருந்தாள். புத்தகம் அவள் மடியில். சுட்டுவிரல் ஒரு வரியின் மேல் நத்தை போல ஊர்ந்துகொண்டிருந்தது.

"க... டு... தா... கடுதாசி... யை... விரி... விரித்து..."

அவளுக்குப் பின்னால் அத்தை நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். திருடிய கதை, அதுவும் பெரியவர்கள் கதை, அதுவும் பள்ளிக்கூடத்தில். வீட்டில் எத்தனை அடி விழும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

அத்தை குனிந்து புத்தகத்தைப் பிடித்தாள். "இது யாரு குடுத்தது? இதெல்லாம் சின்னப் பசங்க படிக்கிறதா?"

பூங்காவனம் விடவில்லை. இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள்.

"இந்த எடத்த மட்டும் படிச்சிட்டுத் தரேன் டீச்சர்."

"உனக்குப் படிக்கத் தெரியுமாடி?"

"இது தெரியுது" என்றாள் பூங்காவனம்.

அத்தை கையை எடுத்துவிட்டாள்.

அன்று பிற்பகல் வகுப்பில் பொறுமையைப் பற்றிய பாடம் தொடரவில்லை. பூங்காவனம் கடைசி வரிசையில் உட்கார்ந்தபடியே விரல் வைத்துப் படித்தாள். அவள் தடுக்கிய இடத்தில் அத்தை சொல்லை எடுத்துக்கொடுத்தாள். மற்றப் பிள்ளைகள் தாமாகவே பின்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள். ஓரிடத்தில் மட்டும் அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தப் பத்தி வேணாம், அடுத்தத படி" என்றாள். அந்தப் பத்தியில் என்ன இருக்கிறது என்று அறிந்துகொள்ளும் ஆவலில், அதுவரை தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பையன்களும் எழுந்து வந்துவிட்டார்கள். வெளியே கட்டுமரங்கள் வந்தன. ஒரு தலையும் திரும்பவில்லை.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் அத்தை பூங்காவனத்தின் வீட்டுக்கே போனாள். அவள் அம்மா, காலையில் கூடையோடு முதுநகர் வரை வந்துவிட்டு அதன்பின் எங்கே வேண்டுமானாலும் போகட்டும் என்று சொல்லிவிட்டாளாம். அதனால் பூங்காவனம் தினமும் ஒரு மணி நேரம் தாமதமாக, மீன் வாசனையோடு வகுப்புக்கு வந்தாள். அத்தை அதற்கு ஒருநாளும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் அலமாரி உச்சியில் இருந்த தொடர்கதைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அம்மா என்னைத்தான் சந்தேகப்பட்டாள். அத்தை எதிரில் நிற்கும்போதே இரண்டு முறை குட்டும் வாங்கினேன். கடைசியில் உண்மை தெரிந்தபோது அம்மா திட்டவில்லை. "தைச்ச நூல் பத்திரம், பிரிச்சிடப்போவுதுங்க" என்று மட்டும் சொன்னாள். மாலை நேரத்துப் புகார்கள் நிற்கவில்லை. ஆனால் அதன்பிறகு, பிள்ளைகள் அடுத்த அத்தியாயம் எங்கே என்று பிய்த்தெடுக்கிறார்கள் என்பதுதான் புகாராக இருந்தது.

ஆனால் எனக்கு மனதில் நிற்பது அன்று திரும்பி வந்த பயணம்தான். மாலைப் பாசஞ்சரில் கூட்டம் இல்லை. அத்தை என்னைத் திட்டவே இல்லை. சன்னல் ஓரத்தை எனக்கு விட்டுக்கொடுத்து, வேர்க்கடலையும் வாங்கித் தந்தாள். தப்பித்துவிட்டேன் என்ற நிம்மதி ஆலப்பாக்கம் வரை இருந்தது. அதற்குப் பிறகு ஒரு குறை தலைதூக்கியது. பூங்காவனம் டிரங்குப் பெட்டிப் பக்கத்தின் கடைசி வரியை முடித்து நிமிர்ந்தபோது, அத்தை புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்திருந்தேன். அந்த ஒரு பக்கத்தைப் படிக்கப் பூங்காவனத்துக்கு அரைமணி நேரம் ஆயிற்று. நானோ இரண்டு பக்கத்தை ஒரே மூச்சில் முடித்தவள்.

"அவ எழுத்துக்கூட்டித்தானே படிச்சா அத்தை? நான்தானே நல்லா படிச்சேன்?"

"ஆமாம், நீதான் நல்லா படிச்சே" என்றாள் அத்தை, சிரித்துக்கொண்டே.

நான் கேட்ட பதில்தான். அதிலே பொய்யும் இல்லை. ஆனாலும் ஏதோ ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை போலிருந்தது. அது என்ன என்று பரங்கிப்பேட்டை வரை யோசித்துப் பார்த்துவிட்டு, மிச்சக் கடலையைத் தின்றபடியே அத்தையின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனேன்.